தொழிலாளர் சிலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் மட்டும் சிலை வைத்த உலகில், ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவனுக்குச் சிலை வைக்கும் வழக்கம் 1880களில்தான் வலுப்பெற்றது. பெல்ஜியத்தில் சிற்பி மெனியேயின் பட்டறையில் உருவெடுத்த அது, 1937ல் பாரிஸ் கண்காட்சியில் சோவியத் சிற்பி வேரா முகினாவின் கையில் பிரம்மாண்டமானது. 1959ல் சென்னை மெரினாவிலும் ஒரு பெரிய வெண்கலச் சிற்பம் எழுந்தது. இந்தச் சிலைகளைப் பார்க்கிறவர்களும், பராமரிக்கிறவர்களும், செய்ய நினைக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

சமூக யதார்த்தவாதம், சோசலிச யதார்த்தவாதம் இரண்டும் ஒன்றா?

இல்லை. தமிழில் இரண்டையும் கலந்து எழுதிவிடுகிறோம், அதனால் குழப்பம் வருகிறது. சமூக யதார்த்தவாதம் என்பது ஏழைகள், தொழிலாளர்கள் ஆகியோரின் வாழ்க்கையை உள்ளபடி காட்டும் கலைப்போக்கு. அதை யாரும் உத்தரவு போட்டுத் தொடங்கவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல கலைஞர்கள் தாங்களாகவே அதில் இறங்கினார்கள். சோசலிச யதார்த்தவாதம் சோவியத் அரசின் அதிகாரபூர்வமான கலைக் கொள்கை. 1932ல் தனித்தனிக் கலைஞர் குழுக்கள் கலைக்கப்பட்டன. 1934ல் எழுத்தாளர் மாநாட்டில் கொள்கை அறிவிக்கப்பட்டது. முதலாவது இன்றைய களைப்பைக் காட்டும், இரண்டாவது வரப்போகும் நாளின் வெற்றியைக் காட்டும்.

சிலைக்கு முன் நின்று இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உடலின் பாரம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். மெனியேயின் உருவங்களில் பாரம் கீழே அமுங்குகிறது: தோள் தொங்கும், இடுப்பு ஒருபக்கம் சாயும். முகினாவின் உருவங்களில் பாரம் முன்னே பாய்கிறது, குதிகால் தரையில் பதிவதற்குள் அடுத்த அடி எழுந்துவிட்டது போலிருக்கும்.

யார் தொடங்கி வைத்தார்?

ஒருவரைத்தான் சொல்ல வேண்டுமென்றால் கான்ஸ்டான்டின் மெனியே (1831–1905). சிற்பம் படித்துவிட்டு, அதைக் கைவிட்டு முப்பது ஆண்டுகள்போல ஓவியராக இருந்தவர். பெல்ஜியத்தின் லியேஜ் பகுதி இரும்பாலைகளையும் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கங்களையும் நேரில் கண்ட பிறகு, ஐம்பது வயதைத் தாண்டி மறுபடியும் களிமண்ணைத் தொட்டார். 1886ல் அவருடைய 'சம்மட்டித் தொழிலாளி' பாரிஸ் கலைக்கண்காட்சியில் வைக்கப்பட்டது. பிரான்சில் சிற்பி ஜூல் தலூவும் தொழிலாளர்களுக்கு ஒரு பெரிய நினைவுச்சின்னம் கட்டத் திட்டமிட்டார், அது நிறைவேறவில்லை. அதற்காக அவர் பிடித்து வைத்த சிறிய உருவங்கள் பல பாரிஸில் மிஞ்சியிருக்கின்றன.

மெனியே கனவு கண்ட 'உழைப்பின் நினைவுச்சின்னம்' அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1930ல், பிரஸ்ஸல்ஸின் லாகன் பகுதியில் எழுந்தது. ஆலை, சுரங்கம், அறுவடை, துறைமுகம் என நான்கு கல் புடைப்புச் சிற்பங்கள், அவற்றோடு வெண்கல உருவங்கள்.

மெனியேயின் இரும்பாலைத் தொழிலாளி ஏன் வாயைத் திறந்து வைத்திருக்கிறான்?

மூச்சு வாங்குகிறது. அந்த வேலையை அறிந்தால்தான் அந்த வாய் புரியும். வார்ப்பிரும்பில் கரிச்சத்து அதிகம், அதனால் அது 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். அதை அடித்து வளைக்கத்தக்க தேனிரும்பாக்க வேண்டுமானால் கரியை எரித்து வெளியேற்ற வேண்டும். இதற்காக உலை வாயில் நின்று நீண்ட இரும்புக் கோலால் உருகிய குழம்பைத் துழாவுவார்கள். கரி குறையக் குறைய இரும்பின் உருகுநிலை 1,500 டிகிரியைத் தாண்டிப் போகும், ஆனால் உலையின் சூடு அந்த அளவுக்கு ஏறாது. எனவே குழம்பு கெட்டிப்படும். களி கிண்டுகிறவர்களுக்குத் தெரியும், கடைசிக் கட்டத்தில்தான் கை நோகும். இங்கே கிண்டப்படுவது இரும்பு. கெட்டியானதை ஒவ்வொன்றும் 30 கிலோவுக்கும் மேல் வரும் உருண்டைகளாகத் திரட்டி, இடுக்கியால் வெளியே இழுக்க வேண்டும்.

அந்த உருண்டையை இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்த கணம்தான் 'உலைத் தொழிலாளி' சிலை. வெற்று மார்பு, இடுப்பில் தோல் மறைப்பு, கண்ணுக்கு மேல் இழுத்துவிட்ட தொப்பி. அதே ஆலையின் அடுத்த கட்டம் 'சம்மட்டித் தொழிலாளி': சம்மட்டிக்கு அடியில் உருண்டையைப் பிடித்துக் கொடுப்பவன். ஒரு கை இடுப்பில், மறு கை நீண்ட இடுக்கியில். காலின் முன்பக்கத்தையும் பாதத்தையும் மூடும் காப்பைக் கவனியுங்கள். அடி விழும்போது உருகிய கசடு தெறிக்கும், அதற்காகத்தான் அது. மெனியே அலங்காரத்துக்கு ஒரு மடிப்பும் வைக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஆலையில் ஒரு காரணம் இருக்கிறது.

மெனியே செய்த, தாய் குனிந்து நிற்கும் சிலை எந்த நிகழ்ச்சியைக் குறிக்கிறது?

1887 மார்ச்சில், போரினாஜ் பகுதியின் க்வாரெனியோனில், லா பூல் நிலக்கரிச் சுரங்கத்தில் எரிவாயு வெடித்து 113 பேர் இறந்தார்கள். வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களில் தன் மகனை அடையாளம் கண்ட தாயின் உருவம் அது. கைகளைத் தூக்கிக் கதறவில்லை, கைகோத்துக் குனிந்து பார்க்கிறாள், அவ்வளவுதான்.

முகினா ஏன் வெண்கலத்தை விட்டு எவர்சில்வரைத் தேர்ந்தெடுத்தார்?

'தொழிலாளியும் கூட்டுப்பண்ணைப் பெண்ணும்' சிலை, 1937 பாரிஸ் கண்காட்சிக்காகக் கட்டடக் கலைஞர் போரிஸ் யோஃபான் வடிவமைத்த சோவியத் அரங்கின் உச்சியில் நிற்க வேண்டியது. ஆண் கையில் சுத்தியல், பெண் கையில் அரிவாள் என்ற கருத்து யோஃபானுடையது. 1936ல் நடந்த போட்டியில் இவான் ஷாத்ர், மனிசெர் போன்ற சிற்பிகளையும் தாண்டி முகினாவின் மாதிரி தேர்வானது. உயரம் ஏறக்குறைய 24.5 மீட்டர்.

எடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெண்கல வார்ப்பு ஒரு சதுர மீட்டருக்கு 44 கிலோ வரும். அரை மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு 4 கிலோதான். பதினொன்றில் ஒரு பங்கு. கட்டடத்தின் உச்சியில் காற்றை எதிர்த்து நிற்க வேண்டிய, ரயிலில் ஐரோப்பாவைக் கடக்க வேண்டிய, சில மாதங்களில் முடிக்க வேண்டிய சிலைக்கு வார்ப்பு வெண்கலம் ஒத்துவராது. நியூயார்க் சுதந்திர தேவி சிலையும் இதே தர்க்கத்தில் அடித்த செப்புத் தகடால் ஆனதுதான். குரோமியம்-நிக்கல் கலந்த எவர்சில்வர் வெயிலிலும் மேகத்திலும் நிறம் மாறி மின்னும் என்பதும் முகினாவைக் கவர்ந்தது.

பொறியாளர் பியோத்ர் ல்வோவ் இல்லாமல் இது நடந்திருக்காது. விமானத்துக்காக மெல்லிய எவர்சில்வர் தகடுகளை மின்சாரத்தால் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கும் முறையில் அவர் தேர்ந்தவர். ஸ்பாட் வெல்டிங் என்று இன்று பாத்திரக் கடைக்காரர் வரை எல்லோரும் சொல்வது. ஆணி தெரியாது, வெல்டிங் மேடு தெரியாது. தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டில் மெல்லிய தகடு நெளிந்துவிடும். புள்ளியாக வைத்தால் அந்த இடம் மட்டும் சூடேறி ஆறிவிடும்.

அவ்வளவு பெரிய உருவத்தை எப்படிச் செய்தார்கள்?

முதலில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயர மாதிரி. அதிலிருந்து 15 மடங்கு பெரிதாக்கினார்கள். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் சிலையில் ஒன்றரை சென்டிமீட்டர் பிசகும் என்பதால் மாதிரியில் நிறைய புள்ளிகளைக் குறித்து அளந்தார்கள். அந்த அளவுகளைக் கொண்டு பலகைகளை அடுக்கி மர அச்சுகள் செய்தார்கள்.

இங்கேதான் சிரமம். அச்சு எதிர்மறையானது: கன்னம் புடைக்க வேண்டிய இடத்தில் மரத்தில் பள்ளம் வேண்டும். தச்சரும் சிற்பியும் உட்புறத்தில் இறங்கி, குழியாக இருப்பதை மேடாகக் கற்பனை செய்துகொண்டே செதுக்க வேண்டியிருந்தது. கண் ஏமாற்றும். முகினாவும் உடன் பணியாற்றிய சிற்பிகள் நினா செலென்ஸ்காயா, ஸினாய்தா இவனோவா இருவரும் பட்டறையிலேயே கிடந்து திருத்திக்கொண்டே இருந்தார்கள். பிறகு தகட்டை அச்சுக்குள் வைத்து அடித்துப் படியவைத்து, துண்டுகளைப் பற்றவைத்துச் சேர்த்து, உட்பக்கம் எஃகுச் சட்டம் கொடுத்து, மரத்தைப் பிரித்தெடுத்து, நடுவிலுள்ள பெரிய தாங்குசட்டத்தில் மாட்டினார்கள். ஏறக்குறைய மூன்றரை மாதத்தில் வேலை முடிந்தது.

பின்னால் பறக்கும் அந்தத் துணி எதற்கு?

பார்க்க அழகுக்காக என்று தோன்றும், ஆனால் சிற்பத்தின் அமைப்பே அதில்தான் நிற்கிறது. அரங்கு நீளவாக்கில் படிப்படியாக உயர்ந்து சிலையில் முடிந்தது. இரண்டு உருவங்களும் வெறுமனே செங்குத்தாக நின்றால் கட்டடத்தோடு ஒட்டாது. முன்னே எட்டி வைக்கும் கால், பின்னே நீளும் கைகள், அவற்றோடு படுக்கைவாக்கில் பறக்கும் துணி — இவை சேர்ந்து அந்த நீளக்கோட்டை வானத்தில் தொடர்கின்றன. பொறியாளர்களுக்கு அது தலைவலி. பல டன் எடையுள்ள ஒரு பொருள், கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல், ஒரு முனையில் மட்டும் பிடித்தபடி அந்தரத்தில் நிற்க வேண்டும். முகினா விட்டுக்கொடுக்கவில்லை, அதற்கென உள்ளே தனிச்சட்டம் அமைத்தார்கள்.

துணி மடிப்புகளில், ஸ்டாலின் எதிரியாகக் கருதிய ட்ராட்ஸ்கியின் முகம் தெரிந்ததாகச் சொல்கிறார்களே?

அப்படி ஒரு புகார் மேலிடத்துக்குப் போனது என்றும், இரவில் விளக்கடித்துப் பார்த்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. சிலையில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் 1937ல் மாஸ்கோவில் அப்படிப்பட்ட புகார் ஒருவரின் உயிரையே வாங்கக்கூடியது. அந்தச் சிலையின் நிமிர்ந்த தலைகளைப் பார்க்கும்போது, கீழே சாரத்தில் நின்றவர்கள் எந்த அச்சத்தோடு வேலை செய்தார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பாரிஸுக்கு எப்படிப் போனது, எப்படித் திரும்பியது?

65 துண்டுகளாக, 28 ரயில் பெட்டிகளில் போனது. 11 நாளில் பூட்டி முடித்தார்கள். எதிரே ஆல்பர்ட் ஷ்பேர் வடிவமைத்த நாஜி ஜெர்மனியின் கோபுரம், அதன் மேல் கழுகு. இரண்டுக்கும் தங்கப் பதக்கம் கிடைத்தது. கண்காட்சி முடிந்ததும் திரும்பும் வழியில்தான் சிலை அடிபட்டது. 1939ல் பழுதுபார்த்து மாஸ்கோவில், இன்று வேதன்கா எனப்படும் கண்காட்சித் திடலின் வாயில் அருகே நிறுத்தினார்கள்.

முகினாவுக்கு மாஸ்கோவில் வைத்த விதம் ஏன் பிடிக்கவில்லை?

பாரிஸில் பீடம் 30 மீட்டருக்கும் மேல். மாஸ்கோவில் பத்து மீட்டரை ஒட்டி. அதை அவர் வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையோடு ஒப்பிட்டார். அவர் சொன்னது நியாயம். அண்ணாந்து பார்ப்பதற்காக அளந்து செய்த உருவம் அது. கிட்டத்தில், தாழ்வாக வைத்தால் கால்கள் பருத்துத் தெரியும், முகங்கள் மறையும். சிலை செய்கிறவர்கள் பீடத்தின் உயரத்தை முடிவுசெய்த பிறகுதான் தலையின் அளவை முடிவுசெய்ய வேண்டும். நம் ஊர்களிலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது: சிலை வந்த பிறகு, கிடைத்த பணத்துக்கேற்பப் பீடம் கட்டுகிறார்கள்.

எவர்சில்வர் துருப்பிடிக்காதே, பிறகு ஏன் 2003ல் பிரித்தார்கள்?

துருப்பிடித்தது உள்ளே. மேல்தகடு எவர்சில்வர், தாங்கும் சட்டம் சாதாரண எஃகு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு உண்டாகும், மட்டமான உலோகம் கரையும். பகலில் சூடாகி இரவில் குளிரும் உட்காற்று நீராகப் படிந்து சட்டத்தின் மூட்டுகளில் தேங்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பளபளப்பான தோலுக்குள் எலும்பு உளுத்துப்போயிருக்கும்.

2003ல் 40 துண்டுகளாகப் பிரித்தார்கள். பணத் தட்டுப்பாட்டில் ஆண்டுகள் ஓடின. புதிய சட்டம் போட்டு, தகடுகளைச் சுத்தம் செய்து, கெட்டவற்றை மாற்றி, 2009 டிசம்பர் 4 அன்று மறுபடி திறந்தார்கள். முன்பு 80 டன்னை ஒட்டியிருந்த எடை இப்போது ஏறக்குறைய 185 டன், கூடியதில் பெரும்பகுதி புதிய சட்டத்துடையது. பீடமும் பாரிஸ் அரங்கின் சாயலில் 34.5 மீட்டர் உயரத்துக்குக் கட்டப்பட்டது. முகினா 1953லேயே இறந்துவிட்டார். இன்று போகிறவர்கள் வேதன்கா மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம்.

மெரினா உழைப்பாளர் சிலை இந்த வரிசையில் சேருமா?

காலத்தால் சேரும், கொள்கையால் சேராது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி (1899–1975) வங்காளத்துக்காரர். 1929ல் சென்னை கலைப்பள்ளியின் பொறுப்பேற்று ஏறக்குறைய முப்பது ஆண்டு நடத்தியவர். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சிற்பி எஸ். தனபாலும் அவரிடம் பயின்றவர்கள். எந்தக் கட்சிக் கொள்கையும் அவரைக் கட்டுப்படுத்தவில்லை. 1959 ஜனவரி 25 அன்று, குடியரசு நாளுக்கு முந்தின நாள், சிலை கடற்கரையில் நிறுவப்பட்டது.

நான்கு பேர் ஒரு பாறையைக் கழிகள் கொடுத்து நெம்புகிறார்கள். இயந்திரம் கிடையாது, கொடி கிடையாது. 'உழைப்பின் வெற்றி' என்று பெயர், ஆனால் பாறை இன்னும் புரளவில்லை. தம் பிடித்து நெம்பும் அந்த ஒரு கணத்தில் வயிறு உள்வாங்கி, விலாவும் முதுகுத் தசையும் முறுக்கேறி நிற்பதை ஒவ்வோர் ஆளாகச் சுற்றிவந்து பாருங்கள். பாறை தூக்கியவர்களுக்கு அந்தப் பிடிப்பு எங்கே வலிக்கும் என்று தெரியும். மெனியேயின் ஆள் வேலை முடித்து அமர்ந்தவன், முகினாவின் ஆள் வென்று நடப்பவன். இவர்கள் நால்வரும் வேலைக்கு நடுவில் இருக்கிறார்கள். எங்களுக்கு இதுதான் மூன்றிலும் நெருக்கமானது.

இந்தியாவின் முதல் மே நாள் நடந்தது உழைப்பாளர் சிலை நிற்கும் இடத்தில்தானா?

சரியாக அந்த இடம் என்று சொல்ல முடியாது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் இரண்டு கூட்டங்கள் நடத்தினார். ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். சிலை வந்தது அதற்கு 36 ஆண்டு கழித்து.

கடற்காற்றில் வெண்கலச் சிலையை எப்படிக் காப்பது?

முதலில் களிம்பை அடையாளம் காணப் பழகுங்கள். கரும்பச்சையாக, வழவழப்பாக, உலோகத்தோடு ஒட்டியிருந்தால் அது கவசம், தொடாதீர்கள். வெளிர்பச்சைத் தூளாக விரலில் ஒட்டி, அடியில் குழி தெரிந்தால் அது நோய். கடலுப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் மீண்டும் மீண்டும் தின்னும். அதை வீட்டு வைத்தியத்தால் தீர்க்க முடியாது, உலோகப் பாதுகாப்பு வல்லுநரைக் கூப்பிட வேண்டும்.

வழக்கமான பராமரிப்புக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர், சிறிதளவு மிதமான சோப்பு, மென்மையான தூரிகை போதும். நன்றாகக் காய்ந்த பிறகு, வெயிலில் சிலை வெதுவெதுப்பாக இருக்கும்போது மெழுகை மெல்லிய பூச்சாகத் தடவி, பருத்தித் துணியால் தேய்க்க வேண்டும். உள்நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை, கடற்கரையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. போர்வெல் தண்ணீரால் கழுவுவது உப்பை நாமே ஊற்றுவதுதான். புளி, எலுமிச்சை, உப்புத்தாள், இரும்பு நார் எதுவும் கூடாது. விழாவுக்கு முந்தின இரவு பொன்னிற பெயின்ட் அடிப்பது எல்லாவற்றையும் விட மோசம்: சிற்பி வடித்த நுணுக்கம் அடைபடும், பூச்சுக்கு அடியில் ஈரம் சிக்கிக்கொள்ளும்.

பீடத்தில் செம்பழுப்புக் கோடு வழிந்தால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். சிலையின் அடியில் நீர் வெளியேறும் துளைகள் உண்டு. சிமென்ட் பூசுகிறவர்கள் அவற்றை அடைத்துவிடுகிறார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

எங்கள் சங்கக் கட்டடத்துக்கு ஆள் உயர வெண்கலச் சிலை செய்ய வேண்டும். என்ன கணக்கு?

மனித உடலின் மேற்பரப்பு 2 சதுர மீட்டரை ஒட்டி. 5 மில்லிமீட்டர் தடிப்பில் வார்த்தால் உடம்புக்கு மட்டும் 90 கிலோ. உடை, கருவி, அடித்தட்டு சேர்த்தால் ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு. வார்க்கும்போது பாய்குழாய்களில் தங்கும் உலோகத்துக்கும் சேர்த்து வாங்க வேண்டும். சுவாமிமலையில் சிறிய திருமேனிகளைக் கனமாக, உள்ளும் உலோகமாக வார்ப்பார்கள். ஆள் உயரச் சிலைக்கு அது கூடாது. தடித்த இடம் மெதுவாக ஆறும், சுருங்கும், வெடிக்கும். உள்ளே பொள்ளலாகத்தான் வார்க்க வேண்டும், தடிப்பு எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும்.

களிமண் உருவம் முழுவதும் மண்ணாக இருந்தால் 130 கிலோவைத் தாண்டும். தூக்கிய கை இரவோடு இரவாக இறங்கிவிடும். எனவே இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, தோளிலும் இடுப்பிலும் குறுக்குக் கம்பி கொடுத்து, மரக்கட்டைகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு, அதன் மேல் மண் அப்புங்கள். மண் காயாமல் ஈரத்துணியும் பிளாஸ்டிக் தாளும் போர்த்த வேண்டும். உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்கும். ஆறடி வேண்டுமென்றால் மண்ணில் ஓர் அங்குலத்துக்கும் மேல் கூட்டிச் செய்யுங்கள்.

வார்த்த பிறகு உள்கருவைப் பிடித்து நிறுத்திய இரும்பு ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கி, துளைகளை வெண்கலத்தால் அடைக்கச் சொல்லுங்கள். உள்ளேயுள்ள கருமண்ணையும் முழுவதும் எடுத்துவிட வேண்டும், அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தாங்குசட்டம் எவர்சில்வரில் இருக்கட்டும், அது வெண்கலத்தைத் தொடும் இடத்தில் நைலான் அல்லது ரப்பர் தட்டு வையுங்கள். மிகத் தாழ்வான இடத்தில், நீர் வெளியேற, 8 மில்லிமீட்டர் துளைகள் குறைந்தது இரண்டு வேண்டும்.

கடைசியாகக் கருவி. சிற்பிக்குப் புகைப்படம் கொடுத்தால் போதாது. அந்தத் தொழிலைச் செய்யும் ஒருவரை அழைத்து வந்து, உண்மையான கருவியைப் பிடித்து நிற்கச் சொல்லி, பிடியை அளந்துகொள்ளச் சொல்லுங்கள். சம்மட்டியின் பிடியில் இரண்டு கைகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதில் தவறினால், சிலையைத் திறந்து வைக்கும் நாளில் முதல் வரிசையில் நிற்கும் தொழிலாளியே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.